செங்காந்தளுக்கு எவ்வளவு பலம்?

மதுரையில் ஒரு சித்திரக்கதைப் பத்திரிகை இருந்தது. அதன் முதலாளி ஆவுடையப்பன், தான் படைத்த புயல்வேந்தனை மிஞ்சிய வீரன் உலகத்திலேயே இல்லை என்று நம்புகிறவர். புதிதாகச் சேர்ந்த ஓவியர் பவுலின், செங்காந்தள் என்ற வீராங்கனையின் சண்டையை வரைந்து கொண்டுவந்தாள். படங்களைப் பார்த்ததும் முதலாளி கொதித்துப் போனார்.

“வில்லன் கோட்டானை ஒரே குத்துல சாய்க்கிறாளே! பொம்பளைக்கு இவ்வளவு பலமா? யார் நம்புவா? சாதாரணப் பொண்ணு அளவுக்குக் குறைச்சிடு. ஆனா அவதான் ஜெயிக்கணும். நாளைக்கு வரலைன்னா உனக்கு வேலை கிடையாது.”

“சரிங்க சார்” என்றாள் பவுலின்.

மறுநாள் அவள் கொண்டுவந்த படத்தை அலுவலகமே கூடிநின்று பார்த்தது. செங்காந்தள் குடையால் லேசாகத் தட்ட, கோட்டான் “அம்மா!” என்று அலறிக்கொண்டு விழுந்து கிடந்தான்.

“என்ன கூத்து இது?” என்று கத்தினார் முதலாளி. “கோட்டான் மலையைப் பெயர்க்கிறவன். போன மாசம் புயல்வேந்தனையே ஆஸ்பத்திரியில படுக்க வெச்சவன்!”

“அதேதான் சார். அவ பலத்தைக் குறைக்கச் சொன்னீங்க, ஜெயிக்கவும் சொன்னீங்க. அதனால அவனையும் குறைச்சிட்டேன். இவன்கிட்டயா புயல்வேந்தன் அடி வாங்கினார்னு பசங்க கேப்பாங்க. அதுக்கு நீங்களே பதில் எழுதிடுங்க.”

அறையில் சிரிப்பு வெடித்தது. முதலாளி முதல் நாள் வந்த படங்களையே அச்சுக்குக் கொடுத்தார்.

“சரிம்மா, அவளுக்கு எவ்வளவுதான் பலம் வேணும்?”

“எதிரி பயப்படற அளவுக்கு சார்.”

ஆவுடையப்பன் தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

“எனக்கே இப்பப் பயமாத்தாம்மா இருக்கு” என்றார்.