இன்னைக்கு என்ன காய்?

"இனிமே இந்தக் காய்கறி விளையாட்டு வேண்டாம்மா," என்றார் சிற்றம்பலம்.

தலை நரைத்த சீடர். மடத்தில் சாமி நகை இருக்கும் உள்ளறைக்கு அவர்தான் காவல்.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. நகை எடுக்க யார் போனாலும், கதவுக்குப் பின்னாலிருந்து காவல்காரர் கேட்பார்: "இன்னைக்கு என்ன காய்?" அன்றைக்குச் சமைக்காத காய் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தக் காய் என்று குரு வடிவாம்பாள் அம்மா காலையிலேயே காதோடு காதாகச் சொல்லியிருப்பார்.

சிற்றம்பலம் மடத்துக்கு வந்த புதிதில், பசி மயக்கத்தில், மூக்கு சொன்னதைச் சொல்லிவிட்டார்.

"வாழைப்பூ!"

கதவு திறக்கவில்லை. கொட்டுகிற மழையில் முற்றத்திலேயே நின்றார். உள்ளே ஒரே சிரிப்பு.

அன்றைக்குச் சிரித்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை.

"விரல் வெச்சாத் திறக்கிற பூட்டு வந்திருக்கும்மா. மறக்கிற பேச்சே இல்லை. எல்லார் ரேகையும் கம்பெனிக்காரங்க கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குமாம். விரல் பதிய மடத்து ஆளுங்க எல்லாம் வாசல்ல வரிசையா நிக்கிறாங்க. நீங்க சரின்னு சொன்னா..."

"தொண்டை வறளுது. தண்ணி குடு."

விளக்குக்கு எண்ணெய் விட்ட கையோடு, சிற்றம்பலம் துலக்கிய பித்தளைச் செம்பை எடுத்துக் கொடுத்தார்.

அம்மா குடித்தார். சம்புடத்திலிருந்து ஒரு சிட்டிகை விபூதி எடுத்தார். செம்பின் மேல் தூவி மெல்ல ஊதினார்.

பித்தளையில் ஒரு பெருவிரல் எழுந்து வந்தது. சுழி சுழியாய், வரி வரியாய்.

"யாரு இது?"

"நாந்தாம்மா."

"நான் கூப்பிடவே இல்லையே. இந்தச் செம்புல எப்படி வந்தே?"

சிற்றம்பலம் செம்பை உற்றுப் பார்த்தார்.

"ஒரு தடவை சந்தையில காயோட பேரை உளறிட்டு வந்து அழுதியே, ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? கொத்தவரங்கா," என்றார். "நீங்க திட்டவே இல்லை. சுரைக்கான்னு மாத்திட்டு, சாப்பிடப் போன்னு சொன்னீங்க."

அம்மா செம்பை அவர் முன்னால் நீட்டினார்.

"இதை மாத்திட்டு வா. சாப்பிடலாம்."

சிற்றம்பலம் தன் பெருவிரலைப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார். மறுபடியும் பார்த்தார்.

பிறகு வாசலுக்கு ஓடினார்.

"எல்லாரும் கையை மடக்குங்க!"

"கதவு எப்படிங்கய்யா திறக்கும்?" என்றாள் வரிசையில் முதலில் நின்ற சமையல்கார மங்களம்.

"இரு. இன்னைக்கு என்ன காய்னு கேட்டுட்டு வர்றேன்."