விக் விஷயம் இங்கே இல்லை

கரூரில் மூன்று பேர் சேர்ந்து பஸ் டிக்கெட் மிஷினுக்கு ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம் செய்தார்கள். மூவர் மூளையையும் சேர்த்துத் தராசில் வைத்தாலும் தட்டு இறங்காது. உழைப்பை மட்டும் குறை சொல்ல முடியாது, பாவம்.

அந்த சிஸ்டத்தின் அடித்தளத்தில் கெர்னல் என்று ஒன்று உண்டு. கேட்கிற புரோகிராமுக்கெல்லாம் மெமரியில் இடம் கொடுப்பதும், வேலை முடிந்ததும் வாங்கி வைப்பதும் அதன் பொறுப்பு. இவர்கள் செய்த கெர்னல், வாங்கியதைக் கழுவாமலே அடுத்த ஆளுக்கு நீட்டியது. நேற்று மீன்குழம்பு இருந்த தூக்குச்சட்டியில் இன்று பாயசம் ஊற்றினால் என்ன ஆகுமோ, அதுதான் ஆனது.

காலையில் மிஷினிடம் மணி கேட்டார்கள். "மணி பத்தரை. உடும்பு மார்க் விக் பசை ரெண்டு டப்பா அனுப்பவும். சிங்காரவேலு" என்று சீட்டு வந்தது.

மூவருக்கும் தலைவரான சிங்காரவேலு சீட்டைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார். முந்தின நாள் அந்த மிஷினிலிருந்துதான் கடைக்குச் செய்தி அனுப்பியிருந்தார். மத்தியானம் மிஷினைப் பார்க்க வருகிறவரோ பஸ் முதலாளி சிவக்கொழுந்து. மிஷின் பிடித்தால் ஆர்டர், மாப்பிள்ளை பிடித்தால் பெண். பெண்ணிடம் சிங்காரவேலு விக்கைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டார். "அதனால என்னங்க? எங்கப்பாகிட்ட மட்டும் முடிப் பேச்சே எடுத்துடாதீங்க" என்றிருந்தாள். அவளை இழக்க அவருக்கு மனசே இல்லை.

சென்னையிலிருக்கும் நண்பருக்குப் போன் போட்டார். "இடத்தைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி, பூரா பூஜ்யத்தைப் போட்டு நிரப்பிக் கொடுப்பா" என்றார் அவர்.

"பூஜ்யமா?" என்று முகம் சுளித்தாள் மூவரில் ஒருத்தியான அங்கயற்கண்ணி. "பக்கத்து வீட்டுப் பாத்திரத்தையே நாங்க வெறுமனே திருப்பித் தர மாட்டோம். ஒரு கை சர்க்கரையாவது போட்டுத் தருவோம்."

"தொழில் பண்றவரு கையில முதன்முதலா பூஜ்யத்தைக் கொடுத்தா விளங்குமா?" என்றான் மூன்றாவது ஆளான குஞ்சிதபாதம்.

"அப்ப 'சர்க்கரை'ன்னே எழுதி நிரப்பிடுவோம்."

"அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தா?"

இருவரும் ஆழ்ந்து யோசித்தார்கள். டீ ஆறிப்போனது.

"எதையாவது போட்டுத் தொலைங்க" என்றார் சிங்காரவேலு. "என் விக் விஷயம் அங்கே இல்லைங்கிறது பளிச்சுன்னு தெரியணும். எனக்கு அது போதும்."

"அப்படித் தெளிவாச் சொல்லுங்க சார்" என்று இருவரும் உட்கார்ந்து வேலையை முடித்தார்கள்.

சிவக்கொழுந்து வந்தார். மிஷினைத் தட்டி மணி கேட்டார்.

"மணி மூன்று. சிங்காரவேலு விக் விஷயம் இங்கே இல்லை. சிங்காரவேலு விக் விஷயம் இங்கே இல்லை. சிங்காரவேலு விக் விஷயம்..." சீட்டு நீண்டுகொண்டே போய் முதலாளியின் செருப்பைத் தொட்டது.

"ஒரு இடுக்கு விடலைங்க. பூரா நிரப்பிட்டோம்" என்றான் குஞ்சிதபாதம் பெருமையாக.

முதலாளி சீட்டைப் பார்த்தார். சிங்காரவேலுவின் தலையைப் பார்த்தார். கல்யாணம் போச்சு என்று சிங்காரவேலு கண்ணை மூடிக்கொண்டார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"மாப்ளே, நம்மளுது வெயில்ல நழுவுது" என்றார் முதலாளி, காதோடு காதாக. "நீங்க என்ன பசை போடுறீங்க?"

சிங்காரவேலுவுக்குப் போன உயிர் வந்தது. பசையின் பெயர்தான் வரவில்லை. "அது காலையில மிஷின்ல இருந்துச்சு மாமா. இப்பத்தான் கெர்னலை மாத்தித் துடைச்சோம்."

"அப்ப காலையில இருந்த கெர்னலையே எல்லா பஸ்ஸுக்கும் போட்டுக் கொடுங்க."

கொடுத்தார்கள். இன்றைக்கும் அவர் பஸ்ஸில் குளித்தலைக்கு டிக்கெட் வாங்கினால், டிக்கெட்டின் கீழே 'உடும்பு மார்க் விக் பசை ரெண்டு டப்பா' என்று இருக்கும்.