முகம் துடைக்கிற நேரம்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவள் பிலோமினா. போன வாரம் பனிமய மாதா கோயிலில் கொடியேறின மறுநாள், ஜெபமாலை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னாள். கதையில் வருகிற ரெஜினா அவளுடைய தங்கை மகள். அதனால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பாள். நான் அதைக் கழித்துவிட்டுச் சொல்கிறேன்.

ரெஜினாவுக்கு வயது முப்பத்தொன்று. தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். பள்ளிக்கூடம் போக மீதி நேரமெல்லாம் சண்டை பழகினாள். எம்.எம்.ஏ. என்கிறார்கள். கம்பிவலைக் கூண்டுக்குள் இரண்டு பேர். குத்தலாம், உதைக்கலாம், தூக்கிப் போடலாம், தரையில் கிடத்திக் கைகாலைப் பூட்டலாம். பூட்டைத் தாங்க முடியாதவர் கையால் தட்ட வேண்டும். தட்டினால் தோல்வி.

அவள் இரண்டு போட்டிக்குப் போனாள். இரண்டிலும் தோற்றாள். மூன்றாவதற்குக் கூப்பிட்டவர்கள் போனிலேயே சொல்லிவிட்டார்கள்: "டீச்சர், இதுவும் போச்சுன்னா அடுத்த தடவை உங்களைக் கூப்பிடறது கஷ்டம். வயசும் ஆகுதுல்ல?"

அவளுக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு தடவை, கூண்டுக்கு நடுவில் நடுவர் தன் கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அவளுக்கு மூன்று மாஸ்டர்கள். குத்துக்கு ஒருவர். மல்யுத்தத்துக்கு ஓர் அண்ணாச்சி. தரையில் பூட்டுப் போடுவதற்கு இசக்கிமுத்து மாஸ்டர். இந்த இசக்கிமுத்துவுக்கு இருபத்தைந்து வயதுதான். கழுத்து எலும்பில் அடிபட்டதால் இனிமேல் சண்டையே கூடாது என்று டாக்டர் சொல்லி நாலு வருஷமாகிறது. அன்றிலிருந்து சண்டையைப் பார்ப்பது மட்டும்தான் அவர் வேலை. சின்ன வயசுதான், ஆனாலும் மாஸ்டர் மாஸ்டர்தானே. அவர் ரெஜினாவை அக்கா என்பார். அவள் மாஸ்டர் என்பாள்.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது ரெஜினா கேட்டாள்.

"மாஸ்டர், ஜெயிக்க என்னதான் வேணும்?"

"குத்து எப்படி இருக்கு?"

"நாலு பையன்மாரு கையைக் கட்டிக்கிட்டு ஓரமா நிக்கானுவ. என்கூட நிக்கப் பயந்து."

"தூக்குறது?"

"எண்பது கிலோ ஆளைத் தூக்குதேன். அண்ணாச்சிகிட்ட கேட்டுப் பாருங்க."

"தரையில நல்லாப் பூட்டுதீங்க. அது எனக்கே தெரியும்."

"பின்ன ஏன் மாஸ்டர் தோக்கேன்?"

"தெரியலையே அக்கா."

ரெஜினாவுக்கு எரிச்சல் வந்தது. மாஸ்டர் என்றால் ஏதாவது தெரிந்திருக்க வேண்டாமா?

"நாளைக்குக் காலையில வாரேன். பாப்போம்" என்றார் அவர்.

மறுநாள் காலை குத்துச்சண்டை நடக்கிற மைதானத்துக்கு ஒரு நோட்டும் பேனாவுமாய் வந்து, ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்.

ரெஜினா அன்று உயிரைக் கொடுத்துக் குத்தினாள். ஒவ்வொரு குத்தும் வெடி வெடித்த மாதிரி கேட்டது. ஓரக்கண்ணால் பார்த்தாள். மாஸ்டர் வானத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பழகுகிற பையனும் அவளும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். குத்துச்சண்டை மாஸ்டர் "விலகு!" என்று சத்தம் போட்டார். விலகினாள். இசக்கிமுத்து மாஸ்டர் குனிந்து நோட்டில் ஏதோ எழுதினார்.

'சும்மா நிக்கும்போது என்னத்தை எழுதுதாரு?'

குத்துச்சண்டை மாஸ்டர் அவள் காதருகில் வந்து, "யாரும்மா அது? வீட்டுப்பாடம் எழுத வந்த பையனா?" என்றார்.

மறுநாள் சாயங்காலம் மல்யுத்தத்துக்கும் வந்தார். ரெஜினா ஓர் ஆளைத் தூக்கி மெத்தையில் அறைந்தாள். மாஸ்டர் கொட்டாவி விட்டார். ஆள் கீழே விழுந்ததும் அண்ணாச்சி விசில் ஊதினார். இருவரும் எழுந்து தள்ளி நின்றார்கள். மாஸ்டர் எழுதினார்.

"தம்பி, பாக்க வந்தீங்களா, தூங்க வந்தீங்களா?" என்றார் அண்ணாச்சி.

"பாக்கத்தான் அண்ணாச்சி. நீங்க விசிலை ஊதுங்க. அது நல்லாருக்கு."

மாஸ்டர் தண்ணீர் குடிக்கப் போன சமயம் ரெஜினா நோட்டைப் புரட்டிவிட்டாள். ஓர் எழுத்துகூட இல்லை. பக்கம் நிறையக் கோடு. சின்னச் சின்னக் கோடு.

"என்ன மாஸ்டர் இது? மழை பெய்யற மாதிரி போட்டு வச்சிருக்கீங்க?"

"திருட்டுத்தனமா பாத்துட்டீங்களா? நாளைக்குச் சொல்லுதேன். நம்ம கூடத்துல ஒருநாள் பாக்க வேண்டியது பாக்கி இருக்கு."

அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. என்ன கோடு அது? குத்துக்கா? இல்லை, குத்தும்போது அவர் பார்க்கவே இல்லை. தப்புக்கா? தப்பென்றால் இத்தனையா?

மூன்றாம் நாள் தன் கூடத்தில் இருந்தபடியே பார்த்தார். அங்கே தரைச் சண்டை. யாராவது எழுந்து நின்றுவிட்டால், "மறுபடி உட்காருங்க" என்று அவரே சொல்லி முதலிலிருந்து தொடங்க வைப்பார். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவரே கோடு போட்டுக்கொண்டார். நடுவில் ஒருதரம் தன் தலையில் தானே ஒரு தட்டும் தட்டிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து செல்போனை எடுத்தார். அவள் தோற்ற இரண்டு போட்டியும் அதில் இருந்தது.

"அந்தப் பிள்ளைகளைப் பாக்காதீங்க. உங்களை மட்டும் பாருங்க."

ரெஜினா பார்த்தாள். திரையில் இருந்தவள் குத்தினாள், குத்தினாள், நெருங்கிக் கட்டிப் பிடித்தாள். மாஸ்டர் படத்தை நிறுத்தினார்.

"கை எங்க இருக்கு?"

அவளுடைய வலது கை முகத்தில் இருந்தது. முழங்கை மடிப்பால் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணிமைக்கிற நேரம்தான். அதற்குள் எதிராளி அவள் இடுப்பைப் பிடித்துவிட்டாள்.

ஓடவிட்டார். மறுபடி நிறுத்தினார். எதிராளியைக் கீழே தள்ளிவிட்டாள் ரெஜினா. கை முகத்தில். மறுபடி ஓடவிட்டு நிறுத்தினார். தரையிலிருந்து எழுந்தாள். கை முகத்தில். எழுந்த கையோடு வாங்கிய குத்தில்தான் அந்தப் போட்டி முடிந்தது.

"ஐயோ, நானா இது? எனக்குத் தெரியவே தெரியாதே!"

"யாரு சொல்லிக்கொடுத்தது அக்கா?"

"யாரும் சொல்லலையே."

"நாங்க மூணு பேரும் சேர்ந்துதான் சொல்லிக்கொடுத்தோம். கட்டிப் பிடிச்சா அவரு விலகுன்னுவாரு. ஆள் விழுந்தா அண்ணாச்சி விசில் ஊதுவாரு. எழுந்து நின்னா நான் உட்காருன்னுவேன். உங்களுக்கு ஒரு துளி நேரம் கிடைக்கும். நல்ல பிள்ளையா முகத்தைத் துடைப்பீங்க. ஒவ்வொரு கோடும் அப்படி ஒரு நேரம்." மாஸ்டர் நோட்டை மூடினார். "எங்க பாடம் முடியிற இடம்தான் சண்டையில அடுத்த பாடம் ஆரம்பிக்கிற இடம். அங்க எங்க மூணு பேருல யாருமே இல்லை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மூன்று மாஸ்டர்களும் ஒரே கூடத்தில் கூடினார்கள். கூடினதும் சண்டை அவர்களுக்குள்தான் வந்தது.

"பிடிச்சா விலகணும். அதுதானே விதி?" என்றார் குத்துச்சண்டை மாஸ்டர்.

"உங்க விதியை உங்க மைதானத்துல வச்சுக்கோங்க. பிடிச்ச பிறகுதான்யா எங்க வேலையே ஆரம்பிக்கு" என்றார் அண்ணாச்சி.

அண்ணாச்சியின் விசிலை இசக்கிமுத்து மாஸ்டர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து நிறுத்தல் இல்லை, விலகல் இல்லை. குத்து பிடியில் போய் முடிந்தது, பிடி தரையில் போய் விழுந்தது, தரையிலிருந்து எழுந்தால் உடனே குத்து. ரெஜினாவின் கை தானாக முகத்துக்குப் போகும். போகும்போதெல்லாம் மூன்று பேரும் ஒரே குரலில், "அக்காவ்!" என்று கத்துவார்கள். அண்ணாச்சிக்கு அறுபது வயது. அவரும் அக்கா என்றே கத்தினார்.

"கண்ணு எரியுது மாஸ்டர்!"

"எரியட்டும். திறந்தே வச்சிருங்க."

போட்டி சென்னையில் நடந்தது. எதிராளி வியாசர்பாடி மோனிஷா, இருபத்திரண்டு வயது. காற்று மாதிரி வேகம். முதல் சுற்றில் ரெஜினா முகத்தைத் தொடக்கூடாது, தொடக்கூடாது என்றே நினைத்துக்கொண்டிருந்ததில் நாலைந்து உதையை வாங்கிக்கொண்டாள். சுற்று முழுக்க மோனிஷாவுக்கே போயிற்று.

இடைவேளையில் மூலையில் வந்து உட்கார்ந்தாள். இசக்கிமுத்து மாஸ்டர் துண்டை எடுத்து அவள் முகத்தைப் பச்சைப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல் துடைத்தார்.

"துடைக்கிறது என் வேலை. நீங்க பாருங்க."

"என்னத்தைப் பாக்க?"

"நான் மூணு நாள் உங்ககிட்ட பாத்ததை."

இரண்டாவது சுற்றில் ரெஜினா பார்த்தாள். மோனிஷா குத்தும்போது பார்க்கவில்லை, உதைக்கும்போது பார்க்கவில்லை. தடுக்க மட்டும் செய்தாள். இருவரும் கீழே விழுந்து எழுந்தார்கள். எழுந்ததும் மோனிஷா மேலேறியிருந்த பனியனைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டாள். அடுத்த தடவையும் இழுத்து விட்டாள். பெண்பிள்ளை. யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதே இல்லை.

மூன்றாவது சுற்றில் மோனிஷாவின் கை பனியனுக்குப் போன நொடியில் ரெஜினா உள்ளே புகுந்துவிட்டாள். தூக்கினாள், கிடத்தினாள், இடது கையை மடக்கிப் பூட்டினாள். நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. மோனிஷா தட்டவில்லை. பல்லைக் கடித்தாள். "தட்டுமா, தட்டு" என்று ரெஜினா தன்னையறியாமல் கெஞ்சினாளாம். கடைசியில் தட்டினாள்.

நடுவர் ரெஜினாவின் கையைத் தூக்கிப் பிடித்தார். அவளுக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. பிலோமினா சொல்கிறாள், அழுதாளாம். இதை நான் கழிக்கவில்லை.

நடத்துகிறவர்கள் அங்கேயே வந்து, "டீச்சர், நாலு மாசத்துல இதே ஜோடி மறுபடியும். ஜெயிக்கிறவங்களுக்கு பெல்ட்" என்று சொல்லிப் போனார்கள்.

உடை மாற்றுகிற அறைக்கு வெளியே ரெஜினா உட்கார்ந்திருந்தபோது மோனிஷா வந்தாள். இடது தோளில் ஐஸ் கட்டியிருந்தது. தயங்கித் தயங்கி நின்றாள்.

"அக்கா, ஒன்னு கேக்கலாமா? தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"கேளும்மா."

"ரெண்டு ரவுண்டும் நான்தானே மேல இருந்தேன். எங்கக்கா வுட்டேன்? எங்க கோச்சுக்கே தெரியலன்றாரு."

ரெஜினாவுக்குச் சொல்லத்தான் வந்தது. ஆனால் "ஒரு நிமிஷம்" என்று எழுந்து, மாஸ்டரைத் தூணுக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"மாஸ்டர், சொல்லலாமா?"

"நீங்க என்ன நினைக்கீங்க?"

"சொல்லாம இருந்தா பாவமா இருக்கு. சொன்னா இனிமே பனியனைத் தொடவே மாட்டா. வேகத்துல நான் அவளுக்கு ஈடாவேனா? நாலு மாசம் கழிச்சு எதை வச்சு மாஸ்டர் நான் ஜெயிக்க?"

மாஸ்டர் கழுத்தைத் தடவிக்கொண்டார். அப்புறம் தூணைத் தாண்டி எட்டி மோனிஷாவைப் பார்த்தார்.

"நான் மூணு நாள் உங்களைத் தூரத்துல இருந்து பாத்தேன். அவ மூணு சுற்று பக்கத்துல இருந்து பாத்திருக்கா."

"அதுக்கு?"

"போய்ச் சொல்லுங்க அக்கா. சொல்லிட்டு, அதே கேள்வியை நீங்களும் அவகிட்ட கேளுங்க."

ரெஜினா மோனிஷாவிடம் திரும்பிப் போனாள். இரண்டு நாற்காலியை இழுத்து எதிரெதிராகப் போட்டாள்.

அந்தப் பிள்ளை மோனிஷாவுக்குத் தோள் இன்னும் சரியாகவில்லையாம். இன்றைக்கு ஜெபம் பண்ணும்போது அவள் பேரையும் ஒருதரம் சொல்லுங்கள்.