ஒரு தட்டி தூரம்

மனைவி ரெஜினா இறந்துபோன பிறகு சவரிமுத்துவுக்குத் திருச்சி வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. ரயில்வே வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றாகிவிட்டது. டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு சாப்பிட்டுப் பார்த்தார். அதுவும் சரிப்படவில்லை. ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, நத்தம் பக்கத்தில் பூங்கோதை நடத்தும் இயற்கைப் பண்ணைக்கு வந்துவிட்டார்.

பூங்கோதை அவரைவிட ரொம்ப இளையவள். ஆனாலும் அங்கே தங்கிச் சம்பளமில்லாமல் உழைக்க வருகிறவர்கள் எல்லோரும் அவளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். மண்ணைப் பற்றியும் கேட்பார்கள், மனதைப் பற்றியும் கேட்பார்கள்.

"விவசாயம் கத்துக்க வரலம்மா. தனியா இருக்க முடியல. இது போறதுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டார் சவரிமுத்து.

"கத்திரிப் பாத்தியில களை மண்டிக் கிடக்கு சார்," என்றாள் அவள்.

களை எடுத்தார். சாணி கரைத்தார். மிளகாய்ச் செடிகளுக்குக் காய்ந்த இலையை அள்ளி மூடாக்கு போட்டார். ஆளுக்கொரு மூலையில் வேலை. மதியம் தட்டைக் கழுவியதும் அவரவர் குடிசைக்குப் போய்விடுவார்கள். யாராவது வந்து பேசுவார்கள் என்று சவரிமுத்து வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். எல்லோரும் சிரித்துவிட்டுக் கடந்து போனார்கள்.

கார்த்திகை மழையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. இருமலும் சேர்ந்துகொண்டது. வேலைக்கு வராதவர்களை அங்கே யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஓய்வு எடுப்பது அவரவர் விருப்பம். பகல் முழுக்க ஓலைக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் பையோடு அடுப்படிக்கு வந்தார். பூங்கோதை கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"கிளம்புறேம்மா."

"உடம்பு முடியலையா?"

"நேத்தே முடியல. செத்துக் கிடந்தாலும் தெரிஞ்சிருக்காது. இதுக்கு என் வீடே தேவலை."

அவள் இரண்டு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றினாள்.

"பஸ் வர நேரமிருக்கு. ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணைப் பக்கத்துக் குடிசையில இருக்கிற பாய்க்குக் கொடுத்துட்டு, அங்கேயே உக்காந்து குடிங்க."

பக்கத்துக் குடிசையில் இருந்தவர் காஜா மைதீன். மேலப்பாளையத்தில் தையல் கடை வைத்திருந்தவர். நடுவில் ஒரு தென்னங்கீற்றுத் தட்டிதான். ஆனாலும் சவரிமுத்து அந்த வாசலை மிதித்ததில்லை.

உள்ளே அவர் கால் நீட்டிப் படுத்திருந்தார். கருவேல முள் ஏறிப் பாதம் வீங்கியிருந்தது.

"எப்பலேருந்து பாய் இப்படி?"

"மூணு நாளாச்சு. வாங்க, இந்தச் சாக்குல உக்காருங்க."

சவரிமுத்து அவரைத் தூக்கிச் சாய்த்து உட்காரவைத்தார். கஞ்சி குடித்தார்கள். காஜா மைதீன் தன் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். ஒருத்தன் துபாய், ஒருத்தன் சென்னை, வாரம் ஒரு போன். சவரிமுத்து ரெஜினாவைப் பற்றிச் சொன்னார். கஞ்சியில் அவள் எப்போதும் உப்பு கூடப் போட்டுவிடுவாள் என்றார். அவள் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பல மாதமாகியிருந்தது. காஜா மைதீன் அவர் முழங்காலில் கை வைத்தார்.

ரோட்டில் பஸ் வந்து நின்று புறப்பட்டுப் போனது. இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெயில் ஏறிய பிறகு சவரிமுத்து கிண்ணங்களோடு அடுப்படிக்கு வந்தார். மனம் ஆறவில்லை.

"மூணு நாளா அந்தக் காலோட ஒத்தையில கிடந்திருக்காரும்மா. நடுவுல ஒரு தட்டிதான். ஒரு குரல் கொடுத்திருந்தா நான் ஓடிப் போயிருக்க மாட்டேனா? எதுக்கு வாயை மூடிக்கிட்டு இருந்தார்?"

பூங்கோதை கிண்ணங்களை வாங்கிக்கொண்டாள்.

"காலையில நீங்க பையோட வர்றதுக்கு முன்னாடி அவர் காலுக்கு எண்ணெய் கொண்டு போனேன். உங்க இருமலைக் கேட்டுட்டு, உங்களைப் பத்தி அவரும் இதையேதான் கேட்டார்."