காலிமுதுகு

காட்டோரக் குளத்தில் கோணக்கொம்பி என்றோர் எருமை இருந்தது. அதன் முதுகில் குச்சிக்காலன் என்றோர் உண்ணிக்கொக்கு இருந்தது. விடிந்ததும் வந்து ஏறினால் பொழுது சாயும்வரை இறங்காது. எருமையைக் கடிக்கும் உண்ணியெல்லாம் கொக்குக்குச் சாப்பாடு. கொக்கு கொத்தக் கொத்த எருமைக்குச் சுகம். நரி கிட்டே வந்தால் எருமை கொம்பை ஆட்டும். கொக்குக்கு அதுவே காவல்.

பொழுது சாய்ந்ததும், "வரேன் அக்கா!" என்று அக்கரை மருத மரத்துக்குக் கொக்கு பறந்துவிடும். அந்த நேரம் பார்த்துக் கோணக்கொம்பிக்குள் என்னவோ ஒன்று வரும். பசியா என்றால் இல்லை, வயிறு முட்டப் புல் இருக்கிறது. துக்கமா என்றால் அதுவும் இல்லை, காலையில் அவன் வரத்தான் போகிறான். ஆனாலும் என்னவோ ஒன்று.

'எருமை மேல் மழை பெய்த மாதிரி' என்று நம்மவர்கள் லேசாகச் சொல்லிவிடுகிறார்கள். பெய்கிற மழை அதற்குத் தெரியாமலா இருக்கும்? எல்லாம் தெரியும். சொல்ல வார்த்தைதான் இல்லை, பாவம்!

ஒருநாள் அது தவளையைக் கேட்டது. "ஏம்பா, சாயங்காலமானா எனக்கு ஒரு மாதிரி இருக்கே, அது என்ன?"

"ஒரு மாதிரின்னா?"

"ஒரு மாதிரிதான்!"

"அப்போ வாயு!" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் குதித்தது தவளை.

புதருக்குப் பின்னாலிருந்து நரி இதைக் கேட்டது. கொக்குக்கறியை நினைத்து நெடுநாளாக எச்சில் ஊறிக் கிடந்த நரி அது. மெல்ல முன்னால் வந்தது.

"அதுக்குப் பேர் எரிச்சல், தாயி! நாள் பூரா உன் முதுகிலே நின்னு கொத்தறான். வயிறு நிறைஞ்சதும் கிளம்பிடறான். யாருக்குத்தான் எரியாது?"

"எரிச்சலா?"

"எரிச்சலேதான்! சொல்லிப் பாரு, சரியாப் பொருந்தும்!"

எதைக் கொடுத்தாலும் அசைபோட்டே பழகியது எருமை. அந்த வார்த்தையையும் விடிய விடிய அசைபோட்டது. புல்லாக இருந்தால் செரித்திருக்கும். இது ஊறிக்கொண்டே போனது. ஆமாம், நகம் குத்தத்தான் செய்கிறது. ஆமாம், அலகும் கூர்தான். போகும்போது ஒருநாளாவது திரும்பிப் பார்த்தானா?

விடிந்தது. "வந்துட்டேன் அக்கா!" என்று முதுகில் இறங்கியது கொக்கு.

"இறங்குடா கீழே!"

"என்னக்கா ஆச்சு?"

"உன்னைப் பார்த்தாலே எரிச்சலா வருது! இனிமே என் முதுகுப் பக்கம் வந்தியானா குத்திடுவேன்!"

கொக்கு கழுத்தைச் சுருக்கிக்கொண்டு பறந்துபோய், அக்கரைப் புல்லில் தன்னந்தனியாக இறங்கியது.

"அப்பாடா!" என்றது எருமை. சொல்லி வாய் மூடவில்லை, சாயங்காலம் வரவேண்டியது காலையிலேயே வந்துவிட்டது! அதே 'என்னவோ'தான். இன்னும் பெரிதாக.

எருமைக்கு யோசனை மெதுவாகத்தான் வரும். ஆனால் வரும். 'எரிச்சல் என்றால் அவன் போனதும் போயிருக்கணுமே! போனதும்தானே வருகிறது! அப்படியென்றால் பேரே தப்பு. பேர் வைத்தது நரி. என் எரிச்சல் மேல் நரிக்கு என்ன திடீர் அக்கறை?'

அக்கரையைப் பார்த்தது. காற்றே இல்லை, ஆனால் கொக்குக்குப் பின்னால் நாணல் அசைந்தது!

குளத்தில் படுத்த எருமையை ஊரே திரண்டாலும் எழுப்ப முடியாது. அன்றைக்கு அது தானாக எழுந்தது. சேறு தெறிக்க, தண்ணீர் கலங்க, குளத்துக்குக் குறுக்கே பாய்ந்தது. "குச்சிக்காலா, பறடா!"

நரி தாவியது. கொக்கு எழும்பியது. நரியின் வாயில் ஒற்றை இறகுதான் சிக்கியது. எதிரே இரண்டு கொம்புகள் வருவதைப் பார்த்ததும், இறகைத் துப்பக்கூட நேரமில்லாமல் ஓட்டம் பிடித்தது நரி.

கீழே இறங்கிய கொக்கு, முதுகில் ஏறாமல் தயங்கித் தயங்கித் தரையிலேயே நின்றது. "எரிச்சல்னு சொன்னியே, அக்கா?"

"அது நரி குடுத்த வார்த்தைடா. எனக்கு வார்த்தை தெரியலை. நீ போயிட்டா முதுகு காலியா இருக்கு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"எனக்கும்தான் அக்கா! மரக்கிளையிலே எனக்குத் தூக்கமே வராது. உன் முதுகுன்னா மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும். கிளை மூச்சு விடாதே!"

"இதை ஏன்டா முன்னாடியே சொல்லலை?"

"பேரே தெரியாததை எப்படிச் சொல்றது?"

இரண்டும் வாய்விட்டுச் சிரித்தன. அப்போதே அதற்குக் 'காலிமுதுகு' என்று பேர் வைத்தன.

அன்று சாயங்காலம், "எனக்குக் காலிமுதுகா இருக்குடா," என்றது எருமை. "எனக்கும் காலிமுதுகுதான் அக்கா!" என்றது கொக்கு. அதன் முதுகில் யார் ஏறினார்கள் என்று கேட்காதீர்கள்! சொன்ன மாத்திரத்தில் இரண்டுக்கும் பாதி பாரம் இறங்கிவிட்டது. கொக்கு பறக்கும்போது ஒருதரம் திரும்பியும் பார்த்தது.

குளம் முழுக்க அந்த வார்த்தை பரவியது. தன் குஞ்சுகள் கரையேறிப் போன அன்று தவளைகூட, "எனக்கும் காலிமுதுகா இருக்கே!" என்றது. வாயு என்று சொல்லவில்லை. நரிக்கு மட்டும் புதுப்பேர் தேவைப்படவில்லை. அதற்கு வந்ததற்குத்தான் ஏமாற்றம் என்று ஏற்கெனவே பேர் இருக்கிறதே!

ஆகவே, பேர் தெரியாத உணர்ச்சி மனதில் வந்தால், மூன்றாம் மனுஷர் வைக்கும் பேரை நம்பாமல், அது யாரால் வந்ததோ அவரிடமே தெரிந்த வார்த்தையில் சொல்லிவிட வேண்டும்.