வால் நுனியும் உடம்புதான்

ஊமத்தங்குளத்துக் காட்டில் வருஷத்துக்கு ஒரு நாள் யாரும் இரை தேடப் போகமாட்டார்கள். அன்றைக்குக் குட்டிகளின் சடுகுடு!

கிழக்குக் கரைக் குட்டிகள் ஒரு அணி. மேற்குக் கரைக் குட்டிகள் இன்னொரு அணி. மூச்சு விடாமல் "சடுகுடு சடுகுடு" என்று பாடிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். அந்தப் பக்கம் ஒருத்தரையாவது தொட்டுவிட்டு, மூச்சு அறுபடாமல் திரும்பி வர வேண்டும். தொடப்பட்டவர் அவுட், தொட்ட அணிக்கு ஒரு புள்ளி. இப்படி ஒரு தடவை பாடிப் போய் வருவதுதான் ஒரு பாட்டு. இவ்வளவுதான் ஆட்டம்.

ஜெயித்த அணிக்கு மாலையும் கிடையாது, கோப்பையும் கிடையாது. அதைவிடப் பெரிய பரிசு உண்டு. மருத மரத்தடி மணல் அடுத்த ஒரு வருஷத்துக்கு அவர்களுக்குத்தான்! குளுகுளு நிழல், பொசுபொசு மணல். விழுந்தால் வலிக்காது. தோற்ற அணி பாறைத் திட்டில் போய்ப் பழக வேண்டும். அங்கே வெயில் அடிக்கும், கல் குத்தும், விழுந்தால் முட்டி பேர்ந்துவிடும்.

கிழக்குக் கரைக் குட்டிகள் மூன்று வருஷமாகப் பாறைத் திட்டில்தான் கிடந்தார்கள். அவர்களுக்குக் கேப்டன் செவந்தி என்கிற கீரிப்பிள்ளை. அணியிலேயே சின்னவன் தவில் என்கிற தவளைக்குஞ்சு. ஆள் கோலிக்குண்டு அளவுதான், குரல் மட்டும் தவில் மாதிரி. அதனால் அந்தப் பெயர். பாவம், பாறைச் சூட்டில் குதித்துக் குதித்து அவன் உள்ளங்கால் தோல் உரிந்துபோயிருந்தது.

"அழாதடா," என்றாள் செவந்தி. "இந்த வருஷம் உன்னை மணல்ல குதிக்க வைக்கிறேன். இது என் வாக்கு!"

"நிஜமாவாக்கா?"

"நிஜமாத்தான்! எனக்கும் இதுதான் கடைசி வருஷம். அடுத்த வருஷம் நான் வளர்ந்துடுவேன், குட்டிங்க ஆட்டத்துல சேர்க்கமாட்டாங்க. அதுக்குள்ள ஜெயிச்சே ஆகணும்!"

இப்படி ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டு அவள் எப்படித் தூங்குவாள் சொல்லுங்கள்? விடிகாலையிலேயே எழுந்து ஓடினாள். மூச்சுப் பிடித்துப் பழகினாள். மற்றவர்களையும் விடாமல் பழக்கினாள்.

இனி பெரியவர்களின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எரிச்சல் வருகிற இடம் இதுதான்.

ஆடுவது என்னவோ குட்டிகள்தான். தொண்டை கிழியக் கத்துவது பெற்றவர்கள். அதிலும் செவந்தியின் அப்பா சிங்காரம் இருக்கிறாரே, அப்பப்பா! அவர் ஒருத்தர் கத்தினால் நாலு மரத்துப் பறவைகள் இடத்தைக் காலி செய்துவிடும்.

போன வருஷம் கொக்குதான் நடுவர். செவந்தியின் நகம் மேற்குக் கரை அணில்பிள்ளையின் வால் நுனியில் பட்டது. "வால் நுனிதானே, அதெல்லாம் கணக்கில்லை," என்று சொல்லிவிட்டது கொக்கு. அவ்வளவுதான், குதித்தார் சிங்காரம்.

"ஏய் நெட்டைக் கழுத்து! வால் நுனியும் உடம்புதான்! உனக்கு ஆட்டம் தெரியுமா? மீன் பிடிக்கிற வேலையைப் போய்ப் பாரு!"

சொன்னதோடு விட்டாரா? ஒரு சேற்று உருண்டையை எடுத்து வீசினார். அது கொக்கின் வெள்ளை முதுகில் சப்பென்று அப்பிக்கொண்டது. கொக்கு சிறகை விரித்துப் போனது போனதுதான். ஆட்டம் பாதியில் நின்றது. அதுவரை முன்னால் இருந்த மேற்குக் கரை ஜெயித்ததாக ஆகிவிட்டது. அதற்கு முந்தின வருஷம் நடுவராக நின்ற ஆமையையும் இப்படித்தான் துரத்தியிருந்தார்கள். அன்றைக்குக் கத்தியது பேச்சி என்கிற காட்டுப்பன்றி. அவள் மேற்குக் கரைக் கேப்டன் பூவரசின் அம்மா.

சிங்காரம் போட்ட கூச்சலில் ஒரு காரியம் நடந்தது. காட்டுக் கூட்டம் கூடி, "வால் நுனியும் உடம்புதான்" என்று சட்டமாகவே போட்டுவிட்டது. சிங்காரம் மீசையை முறுக்கிக்கொண்டார்.

சட்டம் வந்தது சரி, நடுவர் வர வேண்டாமா? மானைக் கேட்டார்கள். "எனக்கு மானம் இருக்கு," என்றது மான். முயலைக் கேட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் முயலைக் காணவில்லை. கடைசியில் சம்மதித்தவர் ஆந்தையார் ஒருவர்தான். அவருக்கோ பகலில் கண் சரியாகத் தெரியாது!

"தொட்டது எனக்குத் தெரியலைன்னா, பட்டவங்களே கையைத் தூக்கி 'பட்டுச்சு'ன்னு சொல்லிடுங்கப்பா," என்றார் ஆந்தையார்.

தானாகக் கை தூக்க யார் வரப்போகிறார்கள் என்று பெரியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. என்ன ஆட்டம் என்கிறீர்கள்! பூவரசு பாடி வந்தால் தரை அதிரும். செவந்தி பாடிப் போனால் காற்று போகிற மாதிரி இருக்கும், கண்ணால் பிடிக்க முடியாது. ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசிப் பாட்டு ஒன்றே ஒன்று பாக்கி. கிழக்குக் கரைக்குப் பதினைந்து புள்ளி, மேற்குக் கரைக்குப் பதினான்கு.

கடைசிப் பாட்டு பூவரசுக்கு. யாரையாவது தொட்டால் சமம். தொடாவிட்டால் கிழக்குக் கரைக்கு வெற்றி!

"சடுகுடு சடுகுடு சடுகுடு!"

பூவரசு புழுதி பறக்கப் பாய்ந்தான். வலப்பக்கம் மோதினான், அங்கே யாரும் இல்லை. இடப்பக்கம் திரும்பினான், தவில் எட்டக் குதித்துவிட்டான். மூச்சு தீரப்போகிற நேரத்தில் செவந்தியின் மேல் பாய்ந்தான். செவந்தி உடம்பை வளைத்து வழுக்கிக்கொண்டு போனாள். பூவரசு வெறும் மண்ணில் விழுந்து, புரண்டு, கோட்டைத் தாண்டி எழுந்தான்.

ஆந்தையார் கண்ணைக் கசக்கினார். "எனக்கு ஒண்ணும் தெரியலை. பூவரசு, நீ தொட்டியா?"

"இல்லைங்கய்யா," என்றான் பூவரசு. தலை தொங்கிப்போயிருந்தது.

"அப்ப யாரும் அவுட் இல்லை! கிழக்குக் கரைக்கு வெற்றி!"

ஆஹா! கிழக்குக் கரையே எழும்பிக் குதித்தது. சிங்காரம் தலைகீழாக ஒரு கரணம் அடித்தார். "மணல்! மணல்!" என்று கத்திக்கொண்டே தவில் மருத மரத்தடிக்கு ஓடினான். உரிந்த உள்ளங்காலை மணலில் புதைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

செவந்தி மட்டும் குதிக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

அவள் வால் நுனியில் நாலே நாலு முடி கலைந்திருந்தது. பூவரசின் மூக்கு அதில் உரசியிருந்தது. அவனுக்கே அது தெரியாது. ஆந்தையாருக்குத் தெரியாது. காட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

அவள் மணலைப் பார்த்தாள். அதில் நின்ற தவிலைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு நடந்தால் போதும், கொடுத்த வாக்கு நிறைவேறிவிடும். நீங்களும் நானும் அந்த இடத்தில் என்ன செய்திருப்போமோ, தெரியாது.

செவந்தி கையைத் தூக்கினாள்.

"பட்டுச்சு!"

குதித்தவர்கள் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"என்னம்மா சொன்ன?" என்றார் ஆந்தையார்.

"என் வால் நுனியில பட்டுச்சுங்க ஐயா. நான் அவுட்டு."

சிங்காரம் நாலு கால் பாய்ச்சலில் வந்து சேர்ந்தார். "அடியே! உன்னை யாரு கேட்டா? வாலெல்லாம் ஒரு உடம்பா? அதுவும் நுனி! முடி!"

"அப்பா," என்றாள் செவந்தி. "வால் நுனியும் உடம்புதான்னு போன வருஷம் கத்தினது யாரு? நீங்கதானே? அணில்பிள்ளை வாலுன்னா உடம்பு, என் வாலுன்னா முடியா?"

சிங்காரம் தன் வாலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் வாயடைத்துப்போனதை அன்றைக்குத்தான் காடு பார்த்தது.

இப்போது இரண்டு பக்கமும் பதினைந்து. சமமானால் என்ன செய்வது என்பதற்கும் அங்கே ஒரு வழக்கம் உண்டு. போன வருஷம் தோற்ற அணிக்கு ஒரே ஒரு பாட்டு. தொட்டால் மணல் அவர்களுக்கு. தொடாமல் வந்தால் போன வருஷம் ஜெயித்தவர்களுக்கே.

செவந்தி அவுட் ஆகி வெளியே போய்விட்டாள். யார் பாடப் போவது? நீண்ட மூச்சு உள்ளவன் தவில்தான். மணலிலிருந்து காலை உருவிக்கொண்டு வந்தான். அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபமாக ஏதாவது சொல்லுவானோ என்று செவந்தி பயந்தாள்.

"நான் போறேன்க்கா," என்றான் தவில். அவ்வளவுதான் சொன்னான்.

"சடுகுடு சடுகுடு சடுகுடு!"

என்ன குரல் அது! குளத்துத் தண்ணீரே கிடுகிடுத்தது. தவில் அங்கே குதித்தான், இங்கே குதித்தான். அணில்பிள்ளை நழுவியது. உடும்புக்குட்டி விலகியது. தவில் பூவரசின் பெரிய குளம்பைப் பார்த்து ஒரு தாவு தாவினான். விரலை நீட்டினான். புழுதி எழுந்து இரண்டு பேரையும் மூடியது. மறுநொடியில் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தான்.

"பட்டுச்சு!" என்று அலறியது கிழக்குக் கரை.

"படலை! படவே இல்லை!" என்று உறுமினாள் பேச்சி. "டேய் பூவரசு! படலைன்னு சொல்லுடா!"

ஆந்தையார் பாவம், இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "பூவரசு, உன்மேல பட்டுச்சாப்பா?"

பூவரசு யோசித்தான். "குளம்புங்கய்யா. குளம்புல பட்டா எனக்குத் தெரியாது. தவிலையே கேளுங்க. அவன் பட்டுச்சுன்னு சொன்னா பட்டுச்சுதான். தன் வால் நுனிக்கே கையைத் தூக்கினவளோட அணி அது. அவங்க சொன்னா நான் ஒத்துக்கறேன்!"

பேச்சி மகனையே பார்த்தபடி மெதுவாக உட்கார்ந்தாள்.

காடு மொத்தமும் தவிலைப் பார்த்தது. அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மணல் அவனுக்கு. அவன் திரும்பி செவந்தியைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டவுமில்லை, கண் காட்டவுமில்லை. சொல்ல வேண்டியவன் அவன்.

தவில் தன் விரலை விரித்துப் பார்த்தான். எல்லாம் மண்.

"படலைங்க," என்றான். "குளம்புக்கு ஒரு எள்ளளவு இந்தப் பக்கம் மண்ணுலதான் பட்டுச்சு."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதான். செவந்தி ஓடிவந்து அவனைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டாள். அவள் கண்ணிலும் தண்ணீர். ஆனால் நடை? அடேயப்பா, அந்த நடையைப் பார்க்க வேண்டுமே! தோற்றுப்போன அணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடுக்கோட்டுக்குப் போனது. ஜெயித்த அணிக்கு ஒவ்வொருத்தராகக் கை கொடுத்தது. பூவரசு தன் தலையைத் தரைவரைக்கும் தாழ்த்தி வணங்கினான்.

அன்றைக்கு யாரும் யாரையும் திட்டவில்லை. எல்லாரும் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் செவந்தியும் குட்டிகளும் பாறைத் திட்டுக்கு வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

பாறைத் திட்டில் பாதியில் கல்லையே காணோம்! வாயில் ஒரு கல்லைக் கவ்விக்கொண்டு சிங்காரம் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தார். ஒன்றைக் கொண்டுபோய்ப் போடுவார், அடுத்ததைக் கவ்வுவார். பொழுது விடிந்ததிலிருந்து இதே வேலை. பல் கூசியிருக்கும், ஈறு நொந்திருக்கும், மனிதர், சீச்சீ, கீரி நிறுத்தவில்லை.

மேட்டில் நின்று கொக்கு பார்த்துக்கொண்டிருந்தது. "என்ன சிங்காரம், இன்னிக்குச் சத்தத்தையே காணோம்?"

சிங்காரம் கல்லைக் கீழே வைத்தார். கொக்கின் முதுகைப் பார்த்தார். "அன்னிக்கு உங்க மேல சேறு வீசினது தப்புங்க. மன்னிச்சுக்குங்க." பிறகு செவந்தியைக் காட்டினார். "அது என் மக! காடே பார்க்காத ஒண்ணுக்குக் கையைத் தூக்கினவ! அவ பழக்கின பிள்ளைங்க ஆடுற இடம் இது. இங்க ஒரு கல் இருக்கக்கூடாது."

மறுபடி கல்லைக் கவ்விக்கொண்டார்.

அப்போது தடதடவென்று சத்தம் கேட்டது. பூவரசும் பேச்சியும் வந்தார்கள். "பெரிய கல்லையெல்லாம் வாயால தூக்க முடியாது சிங்காரண்ணே. தள்ளுங்க!" என்று பேச்சி கல்லுக்கு அடியில் இறுகிக் கிடந்த மண்ணில் மூக்கை விட்டாள். பன்றிக்குத் தோண்டச் சொல்லித்தர வேண்டுமா என்ன? மத்தியானத்துக்குள் பாறைத் திட்டு உழுத வயல் மாதிரி பொலபொலவென்று ஆகிவிட்டது.

தவில் பயந்து பயந்து ஒரு காலை வைத்தான். அப்புறம் இன்னொரு காலை வைத்தான். அப்புறம் குதித்தான் பாருங்கள் ஒரு குதி!

"அக்கா! வலிக்கலை!"

கொக்கு மேட்டிலிருந்து இறங்கி வந்தது. "அடுத்த வருஷம் நானே நடுவரா வர்றேன். இந்தப் பிள்ளைங்களுக்கு நடுவரா நிக்கிறது எனக்குத்தான் பெருமை," என்றது. "ஆனா ஒரு நிபந்தனை. ஆட்டம் முடியிறவரைக்கும் சிங்காரம் வாயில ஒரு கல் இருக்கணும்!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிங்காரமும் சிரித்தார், வாயில் கல்லோடு.

பிள்ளைகளே, பெற்றவர்களே, யாரும் பார்க்காதபோதும் "பட்டுச்சு" என்று கை தூக்குகிறவர்களும், எதிரணியையும் நடுவரையும் மதிக்கிறவர்களும் ஆட்டத்தில் தோற்றாலும் தலை நிமிர்ந்துதான் நடப்பார்கள்.