கரடியார் வாங்கிய பாக்கு மட்டை

கமுகஞ்சரிவில் யாரும் குளத்துக்கு நடந்து போவதில்லை. மேட்டில் பாக்கு மரங்கள் நிற்கும். பள்ளத்தில் குளம் கிடக்கும். நடுவில் வழவழவென்று ஒரு புல் சரிவு. மரத்திலிருந்து விழும் பாக்கு மட்டையின் அகலமான அடியில் உட்கார்ந்து, காம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் போதும். சர்ர்ர்ரென்று குளத்தங்கரையில் போய் இறங்கலாம். அந்தக் காட்டு மிருகங்கள் எல்லாம் அப்படித்தான் போய்வந்தன.

நடந்து போகிற ஒரே ஆள் கரடியார் கொம்பையா. மட்டை கிடைக்காமல் இல்லை. மரத்தடியில் எத்தனையோ கிடந்தன. தரையில் கிடப்பதைப் பொறுக்கி எடுத்து உட்காருவது தன் மரியாதைக்குக் குறைச்சல் என்று அவர் நினைத்தார். பாறை இடுக்கில் ஏழு தேனடை சேர்த்து வைத்திருக்கும் பெரிய மனிதர் அல்லவா! அடைமழைக் காலத்தில் வெளியே இரை கிடைப்பது அரிது. அந்த ஏழு அடையை வைத்துத்தான் அவரும் மனைவி பேச்சியும் இரண்டு குட்டிகளும் இரண்டு மாதம் ஓட்டியாக வேண்டும்.

தினமும் மாலையில் காட்டுப்பன்றி மாடசாமி ஒரு பழைய மட்டையில் பறந்து வருவான். கரடியார் மேல் சேற்றை வாரி அடித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பான்.

"என்ன அண்ணாச்சி, இன்னும் நடராஜா சர்வீஸ்தானா?"

குளத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மான்கள் எல்லாம் சிரிக்கும். கரடியாருக்கு உடம்பு முழுக்க முடி. அதனால் முகம் சிவந்தது யாருக்கும் தெரியாது. அவருக்கு மட்டும் தெரியும்.

இதை மரத்தின் மேலிருந்து ஒருவர் கவனித்துக்கொண்டே இருந்தார். குரங்கார் அங்குசாமி. ஒரு நாள் அவர் சரசரவென்று இறங்கி வந்து கரடியார் தோளில் கையைப் போட்டார்.

"அண்ணாச்சி, உங்களுக்குன்னே ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். அதோ, உச்சியில பாருங்க!"

இருக்கிற மரங்களிலேயே உயரமான மரத்தில் ஒரு மட்டை பழுத்துத் தொங்கியது. பச்சையும் பொன்னும் கலந்த நிறம். நல்ல அகலம். ஒரு கீறல் இல்லை.

"இன்னும் தரையில படாத மட்டை அண்ணாச்சி. முதல் ஆள் நீங்கதான். இதுல இறங்குனா மாடசாமி உங்க முதுகைத்தான் பார்க்கணும்!"

கரடியார் எச்சில் விழுங்கினார். "என்ன விலை?"

"ஏழு அடை."

"ஏழா! இருக்கிறதே ஏழுதானே! கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?"

"குறைக்க முடியாது. வேணும்னா கூட ஒரு எலுமிச்சம்பழம் சும்மா தாரேன். ஆனா ஒண்ணு அண்ணாச்சி. இன்னைக்கு விட்டா நாளைக்கு இந்த விலைக்குக் கிடைக்காது!"

குரங்கார் பொய் சொன்னார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மறுநாள் அந்த மட்டை அந்த விலைக்குப் போகாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கரடியார்தான் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து தேனடைகளை அவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தபோது பேச்சி வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மழைக்கு என்ன திங்கிறது? குட்டிகளுக்குப் பசிச்சா மட்டையைக் காட்டவா?"

"அட, நீ ஒரு ஆள்! தேன் எங்கே போகுது? இப்போ தேனா இருக்கு. நாளைக்கு மட்டையா இருக்கும். தேனா இருந்தா எறும்பு மொய்க்கும். மட்டையில எறும்பு மொய்க்குமா? மழை வர்ற சமயத்துல வித்தாப் போச்சு. ஏழு கொடுத்து வாங்கினது எட்டுக்குப் போகும், பார்த்துக்கிட்டே இரு!"

பேச்சிக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. எறும்பு வரைக்கும் யோசித்து வைத்திருக்கும் ஒருவரிடம் என்னத்தைப் பேசுவது என்று விட்டுவிட்டாள்.

ஏழு அடையும் குரங்கார் வீட்டுக்குப் போயின. மட்டை கரடியார் வீட்டுக்கு வந்தது. அவர் அதற்குப் பூ வைத்தார். குங்குமம் வைத்தார். சும்மா வந்த எலுமிச்சம்பழத்தை மட்டைக்கு அடியில் வைத்து, ஏறி நசுக்கிவிட்டுப் போவதுதான் முறை. கரடியார் ஒரு காலைத் தூக்கினார். அப்படியே நின்றார். சாறு பட்டுக் கறையாகிவிட்டால்? பழத்தை வெளியே உருட்டி, தன் காலாலேயே மிதித்து நசுக்கினார்.

"அப்பா, ஒரே ஒரு தடவை!" என்று குட்டிகள் குதித்தன.

"நாளைக்குப் பார்ப்போம்!"

மறுநாள் காலையில் கரடியார் குரங்காரைத் தேடிப் போனார். விற்கிற எண்ணம் ஏதும் இல்லை. தன் கையில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருவர் வாயால் சொல்லக் கேட்டால் நன்றாக இருக்குமே என்றுதான்.

"அங்குசாமி, சும்மா கேட்கிறேன். என் மட்டையை இப்போ கொடுத்தா என்ன தருவே?"

"நாலு அடை."

"நேத்துதானப்பா ஏழு! நான் இன்னும் ஏறி உட்காரக்கூட இல்லையே!"

"நேத்து அது என் மரத்துல தொங்கிச்சு. இன்னைக்கு உங்க வீட்டுல கிடக்கு. ஆள் கை பட்ட மட்டைக்கு அவ்வளவுதான் அண்ணாச்சி."

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார். கை பட்டதற்கே மூன்று அடை குறைந்ததென்றால், சறுக்கினால் என்ன ஆகும்! வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வாழையிலையை அறுத்து வந்து மட்டையைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். வெயில் படாத இடமாகப் பார்த்து, பாறைக்கு அடியில் ஈரமில்லாத மணலில் படுக்க வைத்தார்.

"யாரும் தொடக் கூடாது! கீறல் விழுந்தா அரை அடை போச்சு, தெரிஞ்சுக்கோங்க!"

ஆனாலும் வாங்கியதை நாலு பேர் பார்க்க வேண்டாமா? மாலையில் இலையைப் பிரித்து, மட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு குளத்துக்குப் புறப்பட்டார். சரிவில் கால் வழுக்காமல் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து இறங்கினார். பக்கத்தில் ஆமை ஒன்று கிழிந்த மட்டையில் அவரைத் தாண்டிப் போனது. ஆமைக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்கும்.

மாடசாமி மட்டையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தான். "அண்ணாச்சி! உச்சிமரத்து மட்டையா! பிரமாதம்! ஆனா அது உங்க மேல ஏறியிருக்கே, நீங்க எப்போ அது மேல ஏறுவீங்க?"

"நல்ல நாள் பார்க்கணும்பா" என்றார் கரடியார். அவர் கழுத்து வலித்தது. இருந்தாலும் மான்கள் கண் கொட்டாமல் பார்த்ததில் அந்த வலி பெரிதாகத் தெரியவில்லை.

நல்ல நாள் வந்தபாடில்லை. குரங்காரிடம் போவது மட்டும் தவறவில்லை. நான்காம் நாள் மூன்று அடை என்றார். "பக்கத்து மரத்துல புதுசா அஞ்சு மட்டை பழுத்திருக்கு அண்ணாச்சி, அதான்." பத்தாம் நாள் இரண்டு என்றார். "ஓரம் சுருண்டிருக்குமே? வாழையிலை கட்டினா சுருளாதா? காய்ஞ்சா சுருளத்தான் செய்யும்."

பேச்சி வானத்தைப் பார்த்தாள். மேற்கே கருமேகம் திரண்டுகொண்டிருந்தது.

"ரெண்டாவது வருதேன்னு கொடுத்திருங்க. பத்து நாளாவது குட்டிங்க வயிறு நிறையும்."

"ஏழு கொடுத்ததை ரெண்டுக்கா! என்னைப் பார்த்தா ஏமாளி மாதிரியா தெரியுது? விலை ஏறட்டும். ஏறாம எங்கே போகும்?"

"விலை ஏறுறது இருக்கட்டும். குட்டிங்க ஒரு தடவை ஏறிக்கட்டுமே!"

"ஏறினா விலை ஏறாது!"

பேச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

இருபதாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. சும்மா தூறல் இல்லை, ஊற்றோ ஊற்றென்று ஊற்றியது. பழங்கள் அழுகின. தேனீக்கள் கூட்டை விட்டு வெளியே வரவில்லை. முதல் நாள் குட்டிகள் பசிக்கிறது என்றன. இரண்டாம் நாள் அழுதன. மூன்றாம் நாள் அழவும் தெம்பில்லாமல் அம்மாவின் மடியில் சுருண்டுகொண்டன. கரடியாரால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. மட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மழையிலேயே குரங்காரிடம் ஓடினார்.

"அங்குசாமி, ரெண்டே கொடு. ரெண்டு போதும்!"

குரங்கார் மரக்கிளையில் இலைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். கீழே எட்டிப் பார்த்தார். கையைக் கீழே நீட்டி விரலால் மட்டையைச் சுண்டினார். டக் டக்கென்று சுள்ளிபோல் சத்தம் வந்தது.

"அண்ணாச்சி, நான் உங்ககிட்டே மறைக்கல. மழையில யாரும் மட்டை வாங்க மாட்டாங்க. இதை எடுத்து நான் என்ன செய்ய? அடுப்பு கிடுப்பு எரிக்கிற பழக்கமும் நமக்கு இல்லையே!"

"ஒரு அடை?"

"வேணாம் அண்ணாச்சி."

"அரை?"

குரங்கார் தலையைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. சங்கடத்துக்காகத் தேனைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

கரடியார் சரிவின் உச்சியில் மட்டையைப் பொத்தென்று போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மழை அவர் மேலும் பெய்தது, மட்டை மேலும் பெய்தது. வெகுநேரம் அப்படியே கிடந்தார். அவரைத் தேடிக்கொண்டு பேச்சியும் குட்டிகளும் வந்து சேர்ந்தார்கள். அவர் முகத்தைப் பார்த்ததுமே பேச்சிக்குப் புரிந்துவிட்டது.

சின்னக் குட்டி மெதுவாக மட்டையைத் தொட்டது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தது. அந்தப் பார்வை கரடியாரைச் சுட்டது. பசியில் வாடிய குழந்தை, ஒன்றுக்கும் உதவாத மட்டையைத் தொட்டதற்காகப் பயப்படுகிறதே!

"தொடு, கண்ணு" என்றார். "ஏறி உட்காரு. இனி என்ன இருக்கு?"

குட்டிகள் நம்பவில்லை. மறுபடியும் சொன்னார். ஏறி உட்கார்ந்தன. காய்ந்து சுருண்டிருந்த மட்டை மழையில் ஊறி மெத்தென்று விரிந்திருந்தது. "அப்பா, நீங்களும்!" என்றது பெரியது. கரடியார் பின்னால் உட்கார்ந்து இருவரையும் கட்டிக்கொண்டார். காலால் ஓர் உந்து உந்தினார்.

அப்பப்பா! ஈரப் புல்லில் மட்டை பறந்தது. காது மடங்கியது. வயிற்றுக்குள் என்னவோ குபீரென்றது. குட்டிகள் பசியை மறந்து 'ஓ' என்று கத்தின. பாதி வழியில் மாடசாமியைத் தாண்டினார்கள். அவன் முகத்தைப் பார்க்கக்கூட கரடியாருக்கு நேரமில்லை. குளத்தங்கரைக் கல்லில் மோதி மட்டை நடுவில் கிழிந்தது. மூவரும் சேற்றில் உருண்டு எழுந்தார்கள். கரடியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் இரண்டு துண்டாகக் கிடந்த மட்டையைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது.

பேச்சி சரிவில் இறங்கி வந்தாள். "வாங்கின அன்னைக்கே, மட்டை காயுறதுக்கு முன்னாடி, இப்படி ஒரு தடவை சறுக்கியிருந்தா, மட்டையாவது கிழியாம மிஞ்சியிருக்கும். கீழே சும்மா கிடந்ததுல சறுக்கியிருந்தா, தேனும் மிஞ்சியிருக்கும்."

கரடியார் அன்றே மழையில் இறங்கிக் கரையான் புற்றுகளைத் தோண்ட ஆரம்பித்தார். அந்த மழைக்காலம் முழுவதும் விடிந்தது முதல் இருட்டும் வரை தோண்டினார். நகம் தேய்ந்தது. கிடைத்ததில் முதல் பங்கு குட்டிகளுக்கு, அடுத்தது பேச்சிக்கு, மிச்சம் மீதி இருந்தால் தனக்கு. மழை விட்டபோது அவர் பாதி ஆளாக இளைத்திருந்தார். குட்டிகள் மட்டும் கொழுகொழுவென்று இருந்தன.

அனுபவிக்க வேண்டிய பொருளைச் சேமிப்பு என்று எண்ணிப் பொத்தி வைப்பவர், அனுபவத்தையும் இழப்பார், சேமிப்பையும் இழப்பார்.